காஸ்பர் பிரபுவை எர்மா தேடிய கதை

எங்கள் குடும்பத்தில் நானூற்றுச் சொச்சம் பேர் ஒரு ஜெர்மன் பிரபுவின் வாரிசுகள். ஆகஸ்ட் மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, பெர்க்ஸ் கவுண்டியில், மலைக்கோயில் என்னும் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் ஓக் தோப்பில் வருஷா வருஷம் கூடுவோம். பிரபு வம்சம் என்பதற்கு அடையாளமாக மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து, காகிதத் தட்டில் உருளைக்கிழங்கு சாலட்டும் பீட்ரூட் சாற்றில் ஊறிச் சிவந்த முட்டையும் சாப்பிடுவோம். சாப்பாடு முடிந்ததும் குடும்பச் சங்கத்தின் தலைவர் எழுந்து டார்ன்பாக் குடும்ப வரலாற்றை வாசிப்பார். பதினோரு பக்கம். 1911-இல் ஒரு தூரத்துப் பெரியப்பா எழுதியது. அவருக்குத் தொழில் கோழித்தீவன வியாபாரம்.

அந்த வரலாற்றின்படி, ஜெர்மனியின் பாலட்டினேட் நாட்டில் கோட்டையும் முந்நூறு குடியானவர்களும் வைத்திருந்த காஸ்பர் ஃபான் டார்ன்பாக் பிரபு, வேதத்தின் பொருட்டு எல்லாவற்றையும் உதறிவிட்டு 1749-இல் பிலடெல்பியாவுக்குக் கப்பலேறி வந்தார். காட்டை அழித்துப் பண்ணை கண்டார். பிறகு வாஷிங்டனின் படையில் கேப்டனாக நின்று இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கிக் கொடுத்தார். கோட்டை எந்த ஊரில் இருந்தது என்று பெரியப்பா எழுதவில்லை. அவ்வளவு பெரிய கோட்டைக்கு ஊர்ப்பெயர் எதற்கு என்று விட்டுவிட்டார் போலும்.

இந்தப் பிரபுவின் கதையைக் கெடுத்தவள் என் சொந்தப் பெரியப்பா மகள் எர்மா டார்ன்பாக். நான் வெர்டி, அவளுக்கு ஒன்பது வயது இளையவள். அவள் கெடுத்தபோது காரை ஓட்டியவள் நான்தான் என்பதால் பாதிப் பாவம் என்னையும் சேரும்.

எர்மா 1909-இல் பிறந்து 1990-இல் இறந்தாள். நடுவில் நாற்பத்து மூன்று வருஷம் ரெடிங் நகரத்தில் ஒரு காலுறை ஆலையில் வேலை பார்த்தாள். காலுறையின் விரல்முனையை மூடும் வேலை. கண்ணுக்கே தெரியாத நூல்கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசிமுனையில் மாட்ட வேண்டும். ஒன்று தப்பினால் எந்தச் சீமாட்டியின் காலிலோ அது பிரிந்துகொண்டே போகும். எர்மாவிடமிருந்து ஒன்றுகூடத் தப்பியதாக ஆலையில் யாரும் சொன்னதில்லை. அவளிடம் அத்தாட்சி கேட்டு அனுப்பினால் என்ன ஆகும் என்று இதை வைத்தே ஊகித்திருக்கலாம். ஆனால் எங்கள் தலைவர் எல்வுட் டிராக்டர் விற்பவர். அவருக்கு நூல் விஷயம் தெரியாது.

1974-இல் எர்மா ஓய்வுபெற்ற மாதமே எல்வுட் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். எங்களுக்குத் தூரத்துப் பங்காளி முறை. அன்று நானும் அங்கே இருந்தேன்.

"எர்மா, நீதான் இப்ப சும்மா இருக்கியே," என்றார்.

"சும்மா இருக்கறதுக்காகத்தான் நாப்பத்து மூணு வருஷம் வேலை செஞ்சேன்."

"பெரிய வேலை ஒண்ணுமில்ல. நாட்டுக்கு இருநூறு வயசு ஆகப்போகுது. தோப்புல காஸ்பர் தாத்தாவுக்கு ஒரு நினைவுக்கல்லு வைக்கறோம், வெண்கலத் தகடு போட்டு. அதோட என்னையும் அந்தத் தியாகிகள் வாரிசு சங்கத்துல சேத்துக்கறேங்கறாங்க. அதுக்கு அவர் கேப்டனா இருந்ததுக்கு ஒரு காகிதம் வேணுமாம். நீ போயி வாங்கிட்டு வந்துடு. ஒரு மத்தியானம் போதும்."

"அவர் கேப்டன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அது எல்லாருக்கும் தெரியுமே."

"அப்ப காகிதம் எதுக்கு?"

எல்வுட் சிரித்தார். எர்மா கேலி செய்கிறாள் என்று நினைத்துவிட்டார். அவள் உண்மையாகவே கேட்டாள்.

அந்த ஒரு மத்தியானம் இரண்டு வருஷம் ஓடியது. எர்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. என்னிடம் ஒரு பழைய பிளிமத் இருந்தது, என் கணவர் போன பிறகு எனக்கு நேரமும் இருந்தது. வாரத்துக்கு ஒருநாள் கிளம்புவோம். முதலில் ஹாரிஸ்பர்க், மாநில ஆவணக் காப்பகம். கப்பலில் வந்து இறங்கிய ஜெர்மன்காரர்களையெல்லாம் பிலடெல்பியாவில் வரிசையில் நிறுத்தி, இங்கிலாந்து ராஜாவுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். அந்தப் பட்டியல் இருந்தது. 1749 செப்டம்பர். காஸ்பர் டார்ன்பாக். நடுவில் பிரபுக்களுக்கு உரிய 'ஃபான்' இல்லை. பெயரை எழுதியவன் குமாஸ்தா. பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி.

எர்மா உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்தக் குறியை நெடுநேரம் பார்த்தாள்.

"பிரபுவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியல," என்றாள்.

"பேனா சரியில்லாம இருந்திருக்கும்," என்றேன். எனக்கும் அப்போது பிரபுமேல் கொஞ்சம் பாசம் இருந்தது.

"அதே பேனாவுலதான் மேலயும் கீழயும் முப்பது பேரு பேரெழுதியிருக்காங்க, வெர்டி."

அடுத்து போர்க்கால ஊர்க்காவல் படையின் ஏடுகள். கேப்டன்கள் பட்டியலில் அவர் இல்லை. தலைவர்கள், உதவித் தலைவர்கள், முரசு அடித்தவன் வரைக்கும் பார்த்தோம். கடைசியில் வேறொரு ஏட்டில் அவர் பெயர் கிடைத்தது, அதுவும் பதினான்கு தடவை. பயிற்சிக்கு வராமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அபராதம் போட்ட ஏடு அது. அந்தப் படைப்பிரிவில் அவரைவிட அதிக அபராதம் வாங்கியவன் ஒருவன்தான்; அவனுக்கு ஒரு கால் கிடையாது என்று ஓரத்தில் எழுதியிருந்தது.

மூன்றாவதாகப் பிலடெல்பியா. அங்கே ஒரு நூலகத்தில் பழைய ஜெர்மன் செய்தித்தாள்களைப் படச்சுருளாக வைத்திருந்தார்கள். கைப்பிடியைச் சுற்றச் சுற்றத் திரையில் பக்கங்கள் ஓடும். எனக்குத் தலைசுற்றி, வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன். நாலு மணிக்கு எர்மா வந்தாள். கையில் ஒரு பிரதி. 1753 மே மாதத்து விளம்பரம். அவள் நின்றுகொண்டே வாசித்தாள்:

"காணவில்லை. கப்பல் கட்டணத்துக்காக ஏழு வருஷ ஊழியத்துக்கு விலைபோன காஸ்பர் டார்ன்பாக் என்னும் வேலைக்காரன் ஓடிவிட்டான். வயது சுமார் இருபத்தைந்து. குள்ளன். முகத்தில் அம்மைத்தழும்பு. முன்பல் ஒன்று இல்லை. பேச்சு அதிகம், வேலை குறைவு. குடித்தால் தன் தகப்பன் பெரிய பிரபு என்பான். தோல் கால்சட்டை ஒன்றும் இரண்டு சட்டையும் என் பழுப்புக் குதிரையையும் கொண்டுபோயிருக்கிறான். பிடித்துக் கொடுப்பவருக்கு வெகுமதி உண்டு. குதிரையை மட்டும் கொண்டுவந்தாலும் போதும்."

நான் படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். எர்மா சிரிக்கவில்லை.

"ஆக, வரலாறு எழுதின பெரியப்பா பொய் சொல்லல," என்றாள். "சாட்சி இருக்கு. இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே அச்சுல வந்திருக்கு."

எல்வுட்டிடம் இதைச் சொல்ல அவருடைய டிராக்டர் கடைக்கே போனோம். அவர் பிரதியைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு இன்னும் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது வேற காஸ்பர்," என்றார்.

"அந்தக் காலத்துல வந்த எல்லாக் கப்பல் பட்டியலயும் பாத்துட்டேன். இவர் ஒருத்தர்தான் இருக்கார்."

"நம்மாளு முதல் வகுப்புல வந்திருப்பாரு. அதுல வர்றவங்ககிட்டக் கையெழுத்து வாங்க மாட்டாங்க."

"எல்வுட், இந்தப் பல்லு இல்லாதவன் பிரபு மகன்னு தானே சொல்லிக்கறான். இதே பேருல, இதே ஊர்ப்பக்கத்துல, பிரபு மகன்னு சொல்லிக்கற இன்னொருத்தன் இருந்தானா?"

எல்வுட் பிரதியைத் திருப்பிக் கொடுத்தார். "தகட்டுக்கு ஆர்டர் குடுத்தாச்சு, எர்மா," என்றார். அதுதான் அவருடைய அத்தாட்சி. வெண்கலத்தில் வார்க்கப்பட்டது.

அதோடு நிறுத்தியிருந்தால் குடும்பத்துக்கு ஒரு கேப்டன் போயிருப்பார், அவ்வளவுதான். எர்மாவால் நிறுத்த முடியவில்லை. ஓடிப்போன வேலைக்காரனுக்கு நூற்றெண்பது ஏக்கர் பண்ணை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி ஒரு கண்ணியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பதில் மலைக்கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருந்தது. அந்தக் கோயிலின் போதகர் ட்ரெக்ஸ்லர் இளைஞர், நல்லவர். பதிவேட்டின் பழைய ஜெர்மன் எழுத்து அவருக்கு ஒரு வரியும் புரியாது. எர்மாவுக்குப் புரியும். அவளுடைய அப்பா வீட்டுப் பைபிளை அந்த எழுத்தில்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார், பிரபு வீட்டுப் பெண் மூதாதையரின் எழுத்தை அறிந்திருக்க வேண்டும் என்று. பாவம், நல்லெண்ணத்தில் செய்தார்.

நாங்கள் நானூறு பேரும் காஸ்பரின் மூத்த மகன் பீட்டரின் வழி. பதினோரு பக்கத்தில் அது மட்டும் தெளிவாக இருக்கும். பதிவேட்டில் பீட்டர் இருந்தான். 1747 மார்ச்சில் ஞானஸ்நானம். தாய் மரியா பார்பரா, பதினோரு பக்கத்தில் காஸ்பரின் மனைவியாக வருபவள். தகப்பன் யோஸ்ட் ரூப்.

எர்மா அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். போதகர் பயந்துபோய், "தண்ணி ஏதாவது வேணுமா அம்மா?" என்று கேட்டார்.

"காஸ்பர் கப்பல் விட்டு எறங்கினது 1749," என்றாள் எர்மா. "பீட்டர் பொறந்தது 1747, இந்த ஊர்ல. போதகரே, பிரபுக்களால இதுகூட முடியுமா?"

மீதியை ரெடிங் நீதிமன்ற அலுவலகத்தில் கண்டுபிடித்தோம். அநாதைப் பிள்ளைகளுக்குக் காப்பாளர் நியமிக்கும் ஏடு ஒன்று, குற்ற வழக்கு ஏடு ஒன்று, நிலப்பத்திரம் ஒன்று. மூன்றையும் சேர்த்தால் கதை இதுதான். பண்ணை யோஸ்ட் ரூப்புடையது. காட்டை வெட்டினவன் அவன். 1753 இலையுதிர்காலத்தில் மரம் ஒன்று அவன்மேல் சாய்ந்து இறந்தான். மரியா பார்பராவுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது, மூன்று குழந்தைகள். அந்தச் சமயத்தில் முன்பல் இல்லாத ஒருவன் பழுப்புக் குதிரையில் வந்து வேலை கேட்டான். அவள் கொடுத்தாள். இரண்டு வருஷம் கழித்து அவனுடைய எஜமான் மோப்பம் பிடித்து வந்து, குதிரையையும் ஆளையும் கேட்டு வழக்குப் போட்டான். நீதிபதி முன்னால் மரியா பார்பரா நின்று, குதிரையைத் திருப்பிக் கொடுத்து, ஆளின் மிச்ச ஊழிய வருஷங்களுக்கு ஒரு பசுவும் கன்றும் பன்னிரண்டு மூட்டை கோதுமையும் கொடுத்து அவனை விலைக்கு எடுத்துக்கொண்டாள். ஆறு வாரம் கழித்து அவனையே கல்யாணம் செய்துகொண்டாள். இவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ரூப்பின் மூன்று பிள்ளைகளையும் ஊர் டார்ன்பாக் பிள்ளைகள் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. 1774-இல் பண்ணை மகன் பெயருக்கு மாறியபோது பத்திரத்தில் இப்படி எழுதினார்கள்: பீட்டர் ரூப், டார்ன்பாக் என்று அழைக்கப்படுபவன்.

நாங்கள் டார்ன்பாக் என்று அழைக்கப்படுபவர்கள். ரத்தத்தில் ரூப்.

இதை இந்தப் பள்ளத்தாக்குக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். இங்கே ரூப் என்றால் பழைய இரும்புக் கடை. வாசலில் மூன்று உடைந்த லாரி, கூரைமேல் ஆடு. அதற்கு முந்தைய தலைமுறையில் ஊர் ஊராகப் போய்ப் பன்றிக்குக் காயடித்தவர்கள். யோஸ்டுடைய தம்பியின் வழி. டார்ன்பாக் வீட்டில் பிள்ளைகள் கை கழுவாமல் வந்தால், "நீ என்ன ரூப்பா?" என்றுதான் கேட்போம். நானே என் பிள்ளைகளைக் கேட்டிருக்கிறேன்.

நீதிமன்ற வாசலில் காரில் ஏறி உட்கார்ந்தோம். எர்மா மடியில் பத்திரத்தின் பிரதி. நான் சாவியைத் திருப்பப் போனேன்.

"வெர்டி, கொஞ்சம் இரு," என்றாள். "வில்மர் ரூப்பை உனக்கு ஞாபகம் இருக்கா?"

"பால் வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தவரா?"

"என்னைக் கட்டிக்கறேன்னு அப்பாகிட்ட வந்து கேட்டான். முப்பத்து மூணுல. புதுச் சட்டை போட்டுக்கிட்டு வந்தான்."

எனக்குத் தெரியாது. நாற்பது வருஷமாக இந்தக் குடும்பத்தில் எவரும் சொன்னதில்லை.

"பெரியப்பா என்ன சொன்னார்?"

"உள்ளயே விடல. கதவுலயே நிக்க வெச்சு, 'எங்க ரத்தம் என்ன, உங்க ரத்தம் என்ன'ன்னு கேட்டாரு. வில்மருக்குப் பதில் தெரியல. யாருக்குத்தான் தெரியும். ரெண்டு வருஷம் காத்திருந்தான். நான்தான் போகல. அப்பா சொன்னதை நானும் பாதி நம்பிட்டேன், அதான் விஷயம். அவன் நல்லவன்தான், ஆனா ரூப் ஆச்சேன்னு நானும் நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் கம்பர்லேண்ட் பக்கம் ஒருத்தியக் கட்டிக்கிட்டான். அறுபத்தொண்ணுல மாரடைப்புல போயிட்டான். பேப்பர்ல பாத்தேன்."

அவள் அழவில்லை. பிரதியை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். "உங்க ரத்தமும் இதே ரத்தந்தான் மாமான்னு சொல்ல அவனுக்கு ஒரு காகிதம் இல்லாமப் போச்சு," என்றாள். பிறகு, "ஓட்டு, பார்க்கிங் நேரம் முடிஞ்சிருக்கும்," என்றாள்.

இந்தச் செய்தி எல்வுட்டுக்குப் போய்ச் சேர ஒரு வாரம் ஆகவில்லை. போதகர் ட்ரெக்ஸ்லர் தம் மனைவியிடம் மட்டும்தான் சொன்னாராம். எல்வுட் தம் மனைவி மேபலோடு எர்மாவின் சமையலறைக்கு வந்தார். மேபல் ஒரு கரும்புப்பாகுக் கேக் கொண்டுவந்திருந்தாள். மேபல் கேக் கொண்டுவருகிறாள் என்றால் விஷயம் பெரிது.

"எர்மா, உன் உழைப்பை நான் மதிக்கறேன்," என்று எல்வுட் ஆரம்பித்தார். "கேப்டன் விஷயத்துல கொஞ்சம் சந்தேகம் இருக்குன்னு வேணும்னா சொல்லிக்கலாம். ஓடிப்போனதக்கூட, சுதந்திர தாகம்னு ஒருமாதிரி எழுதிடலாம். ஆனா இந்த ரூப் சமாசாரம் மட்டும் வேண்டாம்."

"ஏன்?"

"மக்கள் மனசு புண்படும்."

"எந்த மக்கள்? ரூப்புங்களா?"

மேபல் குறுக்கிட்டாள். "எர்மா, நீ தனி ஆளு. எங்களுக்குப் பேரப்பிள்ளைங்க இருக்கு. நாளைக்கு அதுங்களுக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்போது..."

"உன் பேரன் எட்டு வயசுல கோழிக்குஞ்சைக் கழிவறையில போட்டுத் தண்ணி இழுத்துவிட்டவன், மேபல். அவன் கல்யாணத்துக்குத் தடை யோஸ்ட் ரூப் இல்ல."

எல்வுட் எழுந்தார். அவருக்கு ஒரு கடைசி யோசனை இருந்தது. "ஒரே ஒரு பக்கத்த எடுத்துடு. மிச்சத்த நானே என் செலவுல அச்சடிச்சுத் தரேன், உன் பேர் போட்டு."

"ஒரு கண்ணிய விட்டா முழுக் காலுறையும் பிரிஞ்சுடும், எல்வுட்."

கேக்கை அவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை. நல்ல கேக். அதையும் சொல்லிவிட வேண்டும்.

1976 ஆகஸ்ட், மூன்றாம் ஞாயிறு. தோப்பில் கொடி, பித்தளை வாத்தியக் கோஷ்டி, துணி போர்த்திய கருங்கல். நிகழ்ச்சிநிரலை எல்வுட் ஜனவரியிலேயே அச்சடித்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டிருந்தார், அதில் 'வரலாற்றுச் செயலாளரின் அறிக்கை, செல்வி எர்மா டார்ன்பாக்' என்று இருந்தது. அதனால் தவிர்க்க முடியவில்லை. ஐந்து நிமிஷத்துக்குமேல் கூடாது என்று சொல்லி ஒலிபெருக்கியைக் கொடுத்தார். எர்மா அதை மேஜைமேல் வைத்துவிட்டு, ஆலை இரைச்சலில் நாற்பத்து மூன்று வருஷம் பழகிய குரலில், எங்கள் டச்சிலேயே வாசிக்க ஆரம்பித்தாள். ஜெர்மன்காரர்களான எங்கள் பேச்சுக்கு டச்சு என்று பெயர். நாங்கள் எப்போதும் எங்களைப் பற்றிச் சரியான தகவல் வைத்திருந்ததில்லை.

பெருக்கல் குறி வந்தபோது கூட்டம் சிரித்தது. குதிரை வந்தபோது சிரிப்பு பாதியானது. அபராதம் பதினான்கு என்றபோது எல்வுட் வாத்தியக் கோஷ்டியைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பீட்டரின் ஞானஸ்நானம் வந்ததும் எல்லோரும் தட்டைக் கீழே வைத்தார்கள்.

காது கேட்காத இர்வின் சித்தப்பா பக்கத்திலிருந்த மகளிடம் கேட்டார், அவருடைய அளவில் அது ரகசியக் குரல்: "என்ன சொல்றா?"

"நாம ரூப்பாம்பா."

"யாரு?"

"ரூப். ரூப். பழைய இரும்புக் கடை ரூப்."

"நாம எதுக்கு இரும்புக் கடைக்குப் போகணும்?"

அப்போது செலெஸ்டா அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். எல்வுட்டின் சொந்த அத்தை, அந்தக் கூட்டத்தில் மிகவும் ஆசாரமானவள். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "எனக்கு எப்பவோ சந்தேகம்," என்றாள். "எங்கப்பா ரூப்புங்களத் திட்டும்போதெல்லாம், பங்காளிங்களத் திட்டற மாதிரியேதான் திட்டுவார்."

எர்மா எதற்கும் நிமிரவில்லை. மரியா பார்பராவின் இறப்புக் குறிப்பைக் கடைசியாக வாசித்தாள். 1791-இல் அந்தக் காலத்துப் போதகர் எழுதியது: பாலட்டினேட்டில் ரோர்வைலர் கிராமத்தில் பிறந்து அதே ஊர் யோஸ்ட் ரூப்பை மணந்தவள், ஏழு பிள்ளை பெற்று நாலைப் புதைத்தவள், இரண்டு கணவர்களை அடக்கம் செய்தவள், முதலாமவன் நிலத்தைக் கொடுத்தான், இரண்டாமவன் சிரிக்க வைத்தான் என்று சொல்வாள், கடைசி நோயில் முணுமுணுக்கவில்லை. "கல்லு வைக்கறதா இருந்தா இவளுக்கு வைங்க," என்று சொல்லிவிட்டு எர்மா உட்கார்ந்தாள். நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

எல்வுட் உடனே எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: அறிக்கையை நன்றியோடு பெற்றுக்கொள்வது, அச்சிடாமல் இருப்பது. கை தூக்கச் சொன்னார். ஆதரவு தொண்ணூற்றேழு, எதிர்ப்பு ஐம்பத்தெட்டு. மற்றவர்கள் எந்தப் பக்கமும் தூக்காமல் சாப்பாட்டு மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கல்லின் துணியை இழுத்தார்கள். பிரபு, கேப்டன், விசுவாச வீரர் என்று வெண்கலம் மின்னியது. கோஷ்டி வாசித்தது. எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன், பழக்கம். எர்மாவும் தட்டினாள், வாசித்தவர்களுக்காக என்று பிறகு சொன்னாள்.

அந்தத் தகடு இன்றும் அங்கேயே இருக்கிறது. தியாகிகள் வாரிசு சங்கம் எல்வுட்டைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களிடமும் அபராத ஏட்டின் பிரதி இருந்ததாம். ஆவணக் காப்பகம் தீப்பிடித்து எரிந்துவிட்டதால் காகிதம் கிடைக்கவில்லை என்று எல்வுட் ஊரில் சொல்லிக்கொண்டார்.

எர்மாவுக்கு வலித்தது வேறு இடத்தில். அவளுடைய தம்பி ரால்ஃப் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளோடு பேசவில்லை. டிசம்பரில் பன்றி அறுத்ததும் அக்காவுக்கு முதல் சாசேஜ் கொண்டுவந்து கொடுப்பவன், அந்த வருஷம் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. எர்மா ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனால் டிசம்பரில் அவள் வீட்டுக்குப் போனால், காலியாக ஒரு பெரிய வாணலி அடுப்புமேல் இருக்கும். 1979-இல் ரால்ஃப் வந்தான். கையில் சாசேஜ் பொட்டலம். உட்காரவில்லை.

"உன் அறிக்கையில பதினேழாம் பக்கத்துல, பீட்டரோட ரெண்டாவது மகன் ஓஹையோ போனான்னு எழுதியிருக்கியே, எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

"உக்காரு, காட்டறேன்," என்றாள் எர்மா.

அச்சிடக் கூடாது என்று தீர்மானித்த அறிக்கையைத் தட்டச்சில் கார்பன் தாள் வைத்து அவள் எடுத்த பிரதிகள் அதற்குள் எழுபது வீடுகளுக்குப் போயிருந்தன. எதிர்த்துக் கை தூக்கியவர்களுக்கு நாலைந்து. மீதியெல்லாம் தீர்மானத்தை ஆதரித்த தொண்ணூற்றேழு பேர் வீட்டுக்கு. பின்கதவு வழியாக வந்து வாங்கிப்போனார்கள். வேறு குடும்பங்களும் வந்தன. எங்களுக்கும் ஒரு பிரபு இருக்காராம், பாத்துச் சொல்லுங்க, ஆனா நல்லது மட்டும் போதும் என்பார்கள். "நல்லது மட்டும் வேணும்னா எல்வுட்கிட்ட போங்க," என்பாள். பாதிப் பேர் போய்விடுவார்கள். மீதிப் பேருக்கு அவள் தேடிக் கொடுத்தாள், பன்னிரண்டு குடும்பங்களுக்கு. ஒன்றில்கூடப் பிரபு கிடைக்கவில்லை. இரண்டில் கொலைகாரர்கள் கிடைத்தார்கள், அந்தக் குடும்பங்களுக்கு அதில் சந்தோஷம்தான். இரும்புக் கடை ரூப்புகளுக்கு ஒரு பிரதியை அவளே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். வில்மரின் அண்ணன் மகன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டார்ன்பாக்குங்க எங்க ஆளுங்கன்னு வெளிய சொல்லிடாதீங்க, எங்களுக்கும் மானம் இருக்கு," என்றான். எர்மா அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

1983-இல், எழுபத்து நாலு வயதில், அவள் முதன்முதலாக விமானம் ஏறினாள். நானும் போனேன். மரியா பார்பராவின் ஊரான ரோர்வைலரில் கோட்டை எதுவும் இல்லை. ஒரு தெரு, ஒரு கோயில், எருக்குவியல், திராட்சைத் தோட்டம். ஞாயிறு மதியம், தெருவில் ஆளில்லை. ஒரு பெண் தோட்டத்தில் வெங்காயத்தாள் பறித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு இஸ்திரி போட்ட பள்ளிக்கூட ஜெர்மன் தெரியாது. எர்மா எங்கள் வீட்டு டச்சில், ரூப்புகள் யாராவது இங்கே இருக்கிறார்களா என்று கேட்டாள்.

அந்தப் பெண் நிமிர்ந்து எங்களை மேலும் கீழும் பார்த்தாள். அவள் பதில் சொன்னது எங்களுக்கு அப்படியே புரிந்தது, எங்கள் தோப்பில் யாரோ பேசுவது மாதிரி.

"ரூப்புங்களா? கோயிலுக்குப் பின்னால மூணு வீடு. ஆனா பாத்துப் போங்க, ஆடு வளக்கறாங்க, முட்டும்," என்றாள். "நீங்க எங்கேருந்து வரீங்க, மலைக்கு அந்தப் பக்கமா? அங்கதான் இன்னும் இந்த மாதிரி பழங்காலத்துப் பேச்சுப் பேசறாங்க."

"ஆமா," என்றாள் எர்மா. "மலைக்கு அந்தப் பக்கந்தான். வந்து ரொம்ப நாளாச்சு."

அந்தப் பெண் எங்களுக்கு ஆளுக்கு ஒரு கட்டு வெங்காயத்தாள் கொடுத்தாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றிப் போனோம்.